நாலு டயரையும் மாற்றப் போகிறீர்களா? முதலில் ஆண்டு ஓட்டத்தைக் கணக்குப் போடுங்கள்

ஸ்விஃப்ட், டிசையர் போன்ற கார்களின் மேல் வகைகள் பலவற்றில் வரும் அளவு 185/65 ஆர்15 (185 மி.மீ. அகலம், அதில் 65 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 15 அங்குல ரிம்). இந்த அளவைக் கேட்டுக் கடையில் நின்றால் பொதுவாக மூன்று விலைத் தட்டுகள் வந்து விழும்: 5,000 முதல் 5,500 ரூபாய் வரை ஒன்று, 6,000 ரூபாயை ஒட்டி ஒன்று, 7,500க்கு மேல் ஒன்று. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை சில நூறு ரூபாய் ஏறி இறங்கும். நாலு டயர் என்று பார்த்தால் அடித்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் இடையே சுமார் 10,000 ரூபாய் வித்தியாசம். அந்தப் பத்தாயிரத்துக்கு என்ன கிடைக்கிறது, அது உங்களுக்குத் தேவையா என்பதே கேள்வி.

பழைய விலைப்பட்டியலை வைத்து ஒப்பிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 5,000 ரூபாயாக இருக்கும் டயர் முன்பு 6,400, இப்போது 5,900. பில்லில் வரி விகிதம் 18 என்று இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

கடையில் முதலில் கேட்பது "எந்த கம்பெனி வேணும்?" என்றுதான். அதற்கு முன் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது: வண்டி ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? டயருக்கு இரண்டு வழிகளில் ஆயுள் முடியும். ஒன்று, ஓடி ஓடிப் பட்டன், அதாவது சாலையில் படும் பள்ளமிட்ட ரப்பர்ப் பகுதி, தேய்வது. இன்னொன்று, ஓடாமலேயே ரப்பர் இறுகி வெடிப்பு விடுவது. இரண்டில் எது முதலில் வரும் என்பதை ஆண்டு ஓட்டம்தான் தீர்மானிக்கிறது.

புது கார் டயரில் பட்டனின் ஆழம் 7 முதல் 8 மி.மீ. வரை இருக்கும். 1.6 மி.மீ.க்கு வந்தால் சட்டப்படியே மாற்றியாக வேண்டும். பள்ளங்களின் அடியில் சின்ன மேடுகள் தெரியும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மி.மீ. என்று அர்த்தம். ஆனால் மழைச் சாலையில் பிடிப்பு அதற்கு வெகு முன்பே, 3 மி.மீ. அளவிலேயே, கணிசமாகக் குறையத் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் 3 மி.மீ.க்குக் கீழே இருக்கும் டயரை "தீபாவளி தாண்டட்டும்" என்று தள்ளிப்போடுவது தவறான கணக்கு. ஆழம் பார்க்கும் சிறு அளவுகோல் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள்.

சராசரி டயர் 45,000 கி.மீ. ஓடும் என்று கொள்வோம். அலுவலகத்துக்கு இருசக்கர வாகனத்தில் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமையும் ஊர்ப் பயணமும் மட்டும் காரில் போகும் குடும்பம் ஆண்டுக்கு 6,000 கி.மீ. ஓட்டும். அந்த வண்டியில் பட்டன் தேய ஏழரை ஆண்டு ஆகும். அதற்குள் நம் வெயில் ரப்பரை இறுக்கிவிடும். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்; பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் ஓட்டவே கூடாது. மொட்டை மாடி வெயிலிலோ தெருவோரமோ நிற்கும் வண்டிக்கு ஆறு ஆண்டையே எல்லையாக வைப்பது நல்லது. இப்படிப்பட்டவர் "லட்சம் கிலோமீட்டர் ஓடும்" என்று விளம்பரம் செய்யும் டயரை வாங்கினால், அந்த லட்சத்தை எட்டப் பதினாறு ஆண்டுக்கு மேல் வேண்டும். அவர் எட்டப்போவதே இல்லாத ஆயுளுக்காக, தினமும் தேவைப்படும் மழைப் பிடிப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்.

ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? தேய்மானம், மழைப் பிடிப்பு, உருளும் தடை (டயர் உருளும்போது வண்டியைப் பின்னிழுக்கும் தடை) ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுப்பவை. ரப்பர் கலவையை இறுக்கமாக வைத்தால் மெல்லத் தேயும், ஆனால் ஈரச் சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் படிந்து பிடிக்காது. மென்மையாக வைத்தால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். கரிக்குப் பதிலாக சிலிக்கா அதிகம் சேர்த்த கலவை இந்த இழுபறியை ஓரளவு தளர்த்துகிறது. ஈரத்தில் பிடிப்பும் கூடும், உருளும் தடையும் குறையும். சிலிக்கா கலவைக்குத் தயாரிப்புச் செலவு அதிகம். மேல்தட்டு டயரின் கூடுதல் விலையில் ஒரு பங்கு இதற்குப் போகிறது. மீதியில் பிராண்டின் பெயருக்கான பங்கும் உண்டு.

ஆகவே பெயரை மட்டும் வைத்து டயரை எடை போட முடியாது. ஒரே கம்பெனியே இரண்டு வேறு நோக்கங்களுக்கு இரண்டு டயர் விற்கிறது. அப்பல்லோவில் அமேசர் 4ஜி லைஃப் நீண்ட உழைப்புக்கானது; ஆல்நாக் 4ஜி பிடிப்புக்கும் கையாளலுக்கும். சியட்டில் மைலேஸ் எக்ஸ்3 உழைப்புக்கு, செக்யூராடிரைவ் சொகுசுக்கும் பிடிப்புக்கும். குட்இயரில் டியூராபிளஸ் 2 உழைப்பு, டிரிபிள்மேக்ஸ் 2 மழைச் சாலை பிரேக். பிரிட்ஜ்ஸ்டோனில் ஸ்டர்டோ உழைப்பை முன்வைக்கிறது, ஈகோப்பியா எரிபொருள் சேமிப்பை. எம்ஆர்எஃப்பில் இசட்விடிவி உழைப்பாளி என்றால் பெர்ஃபின்சா மேல்தட்டு. மிஷலினின் பிரைமசி 4 எஸ்டி சத்தம் குறைவு, ஈரப் பிடிப்பு என்ற பக்கம் நிற்கிறது. "அப்பல்லோ நல்லதா, எம்ஆர்எஃப் நல்லதா?" என்ற கேள்விக்கு விடையே கிடையாது, "அப்பல்லோவில் எது, எம்ஆர்எஃப்பில் எது?" என்று கேட்டால்தான் விடை வரும். கடைக்காரர் மாடல் பெயரைச் சொல்லாமல் கம்பெனி பெயரையும் விலையையும் மட்டும் சொன்னால், மாடலைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனி பணக்கணக்கு. 5,200 ரூபாய் டயர் நாலு, 20,800. 7,600 ரூபாய் டயர் நாலு, 30,400. ஆண்டுக்கு 6,000 கி.மீ. ஓட்டி ஆறாவது ஆண்டில் வயதுக்காகவே மாற்றுபவருக்கு மலிவு டயர் ஆண்டுக்குச் சுமார் 3,470 ரூபாய், விலை கூடியது ஆண்டுக்கு 5,070 ரூபாய். வித்தியாசம் ஆண்டுக்கு 1,600. மாதத்துக்கு 133 ரூபாய். மழையில் சில மீட்டர் முன்னதாக நிற்பதற்கான விலை இது. குடும்ப வண்டிக்கு இதைக் கொடுக்கலாம் என்பதே எங்கள் முடிவு. அவ்வளவு முடியாதென்றால் 6,000 ரூபாய்த் தட்டிலேயே பிடிப்பை முன்வைக்கும் மாடலை எடுங்கள். அடித்தட்டு விலையில் நீண்ட உழைப்பு டயர் என்பது இவர்களுக்குப் பொருந்தாத தேர்வு.

வாடகைக் கார் ஓட்டுபவரின் கணக்கு தலைகீழ். ஆண்டுக்கு 60,000 கி.மீ. ஓடும் வண்டியில் ரப்பர் இறுக நேரமே இல்லை. 5,500 ரூபாய் நீண்ட உழைப்பு டயர் 70,000 கி.மீ. வந்தால் நாலுக்கும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 31 பைசா. 7,600 ரூபாய் டயர் 50,000 கி.மீ. வந்தால் 61 பைசா. ஆண்டுக்கு 18,000 ரூபாய் வித்தியாசம் என்றால் அது ஓட்டுநரின் வீட்டுச் செலவு. அமேசர் 4ஜி லைஃப், மைலேஸ் எக்ஸ்3, ஜேகே டயரின் டாக்ஸிமேக்ஸ் போன்றவை இவர்களுக்கென்றே வந்தவை. புதிதாக, பட்டன் நிறைய இருக்கும்போது இவையும் மழையில் ஒழுங்காகவே நிற்கும். கடைசி 3 மி.மீ.யை மழைக்காலத்தில் ஓட்டாமல் இருந்தால் போதும்.

எரிபொருள் சேமிப்பு என்று சொல்லி விற்கும் டயரை நம்பலாமா? அளவோடு நம்பலாம். உருளும் தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகும். லிட்டருக்கு 18 கி.மீ. கொடுக்கும் பெட்ரோல் கார் 45,000 கி.மீ.க்கு 2,500 லிட்டர் குடிக்கும். லிட்டர் 101 ரூபாய் என்றால் சுமார் இரண்டரை லட்சம். அதில் 1 முதல் 2 சதவீதம் என்பது 2,500 முதல் 5,000 ரூபாய். நிறைய ஓட்டுபவருக்கு இது உண்மையான பணம்தான். ஆனால் டயரில் காற்று குறைவாக வைத்து ஓட்டினால் இந்த மிச்சம் முழுவதும் போய்விடும். காரோடு வந்த டயரையே மறுபடி தேடுபவர்களும் உண்டு. கார் கம்பெனி மைலேஜ் எண்ணை உயர்த்திக் காட்ட உருளும் தடை குறைந்த டயரைக் கேட்டு வாங்குவது வழக்கம். அது உங்கள் சாலைக்கும் ஓட்டத்துக்கும் ஏற்றதுதான் என்று கொள்ளத் தேவையில்லை.

மலிவு வழிகள்

சென்னை புதுப்பேட்டையிலும் எல்லா மாவட்டத் தலைநகரங்களிலும் பழைய டயர் கிடைக்கும். 1,500, 2,000 ரூபாய்க்கு "எண்பது சதவீதம் பட்டன் இருக்கு" என்பார்கள். மூன்று இடங்களைப் பார்க்காமல் தொடாதீர்கள். முதலில் தேதி: டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு பக்கத்தில் முழு எண் இல்லாவிட்டால் மறுபக்கம் பாருங்கள். அடுத்து உள்பக்கம்: டயருக்குள் கைவிட்டுத் தடவினால் ஒட்டுப் போட்ட மேடு, சுற்றிலும் வளையமாகத் தேய்ந்த கோடு, ரப்பர் தூள் தட்டுப்படலாம். வளையக் கோடும் தூளும் காற்றில்லாமல் ஓட்டப்பட்டதன் அடையாளம். அப்போது பக்கச் சுவரின் நூல்கள் உள்ளுக்குள் அறுந்திருக்கும். வெளியே எதுவும் தெரியாது. நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது வெடிக்கும். கடைசியாகப் பட்டன்: சில இடங்களில் தேய்ந்த டயரின் பள்ளத்தைச் சூடான கத்தியால் தோண்டி ஆழமாக்கி விற்கிறார்கள். பள்ளத்தின் அடியில் இருக்க வேண்டிய 1.6 மி.மீ. மேடு காணாமல் போயிருந்தாலோ, பள்ளத்தின் ஓரம் கத்தி வெட்டுப்போல் கூராக இருந்தாலோ அது தோண்டிய டயர். கம்பிப் படலத்துக்கு மேல் மிச்சமிருந்த பாதுகாப்பு ரப்பரையும் வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று பொருள். கார் அளவு டயர்கள் இப்படித் தோண்டுவதற்காகச் செய்யப்படுபவை அல்ல.

லாரிக்காரர்கள் ரீட்ரேடிங் செய்கிறார்களே, காருக்கு ஏன் கூடாது என்று கேட்கலாம். லாரி டயரின் உடல் இரண்டு, மூன்று முறை புதுப் பட்டன் ஒட்டுவதைத் தாங்கும்படி கட்டப்பட்டது; ஒரு டயரின் விலையும் அதிகம் என்பதால் கட்டுப்படியாகும். கார் டயரில் இரண்டும் இல்லை.

ஒரு மலிவு வழி மட்டும் நியாயமானது: கடையில் தேங்கிய புது டயர். ஒன்றரை, இரண்டு ஆண்டு பழைய தேதி உள்ள டயரைத் தள்ளுபடியில் தள்ளப் பார்ப்பார்கள். நிழலில் அடுக்கி வைத்திருந்தால் அதில் பெரிய கேடில்லை. வாடகை வண்டிக்கு தாராளமாக எடுக்கலாம். ஆண்டுக்கு 6,000 கி.மீ. ஓட்டுபவர் எடுத்தால் ஆறாண்டு ஆயுளில் இரண்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். அவர் மூன்றில் ஒரு பங்கு விலை குறைத்தால்தான் வாங்க வேண்டும்; அந்த அளவுக்கு யாரும் குறைப்பதில்லை. முழு விலை கொடுப்பவர் ஆறு மாதத்துக்கு உட்பட்ட தேதியைக் கேட்டு வாங்கலாம். நாலு டயரிலும் தேதி ஓரளவு ஒத்திருக்க வேண்டும். எம்ஆர்எஃப்பின் அரக்கோணம், அப்பல்லோவின் ஒரகடம், ஜேகேயின் ஸ்ரீபெரும்புதூர், சியட்டின் காஞ்சிபுரம் என்று ஆலைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனாலும் கடையில் இருக்கும் குறிப்பிட்ட டயர் எப்போது பிறந்தது என்பதைப் பக்கவாட்டுத் தேதி மட்டுமே சொல்லும். இறக்குமதி டயர்களுக்கு 2020 ஜூன் முதல் கட்டுப்பாடு இருப்பதால் பழைய சீன மலிவு டயர்கள் இப்போது கண்ணில் படுவது குறைவு. எங்காவது கிடைத்தாலும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டயரை வாங்காதீர்கள்.

அளவை மாற்றச் சொன்னால் யோசியுங்கள். 165/80 ஆர்14, 185/65 ஆர்15, 195/55 ஆர்16 மூன்றின் மொத்த விட்டமும் கிட்டத்தட்ட 620 மி.மீ. ஆகவே ரிம்மையும் சேர்த்து மாற்றினால் வேகமானி பொய் சொல்லாது. ஆனால் அகலம் கூடக்கூட ஸ்டியரிங் கனக்கும், மைலேஜ் இறங்கும். பக்கச் சுவர் குறையக்குறையப் பள்ளத்தில் விழும் அடி ரிம்முக்கே போகும். தோற்றத்துக்காக மட்டும் 16க்குத் தாவுவது நம் உள்ளூர்ச் சாலைகளுக்கு ஏற்றதல்ல. அளவுக்குப் பின்னால் வரும் 88ஹெச் போன்ற குறியீட்டில் 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பது. ஹெச் என்பது மணிக்கு 210 கி.மீ. வேகம். கார் கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. 84 என்றால் 500 கிலோதான். ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் அந்த 60 கிலோ வித்தியாசம் வேலை செய்யும்.

இரண்டு மட்டும் மாற்றினால்

முன்சக்கர இழுவைக் கார்களில் முன் டயர்தான் முதலில் தேயும். எனவே இரண்டு புது டயரை முன்னாலேயே போட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். அது தவறு. புது டயர்கள் பின்னால் போக வேண்டும். பின்னால் இருந்த பாதி தேய்ந்தவை முன்னால் வர வேண்டும். தேங்கிய மழைநீரில் முன் டயர் பிடிப்பை இழந்தால் கார் நேராக வழுக்கும், ஸ்டியரிங் லேசாகும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் வேகம் குறைந்து பிடிப்பு திரும்பிவிடும். பின் டயர் பிடிப்பை இழந்தால் வண்டியின் பின்பாகம் சுழன்றுவிடும். சாதாரண ஓட்டுநரால் அதைத் திருத்த முடியாது. கடையில் மறுத்தாலும் கேட்டு மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஒரே அச்சில் இரண்டு வேறு மாடல் டயர் வேண்டாம்.

புது டயர் போடுவதற்கு முன் பழைய டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மிஞ்சியிருந்தால் காற்று குறைவாக ஓடியது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் கோளாறு. சுற்றிலும் விட்டுவிட்டுக் குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரோ பேலன்சிங்கோ சரியில்லை. இதைச் சரிசெய்யாமல் 30,000 ரூபாய்க்கு டயர் போட்டால் அதுவும் 15,000 கி.மீ.யில் அதே இடத்தில் தேயும்.

மாட்டும் செலவைத் தனியாக எடுத்துவையுங்கள். அலைன்மென்ட்டும் நாலு சக்கர பேலன்சிங்கும் சேர்த்து 600 முதல் 1,200 ரூபாய் ஆகும். புது டயருக்குப் புது வால்வு போடுங்கள். பழைய வால்வின் ரப்பர் வெடித்துத்தான் பல "காரணமே தெரியாத" காற்றிறக்கம் நடக்கிறது. பக்கவாட்டில் வெளிப்பக்கம் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும் டயரை அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி மாட்ட வேண்டும். அம்புக்குறி இருந்தால் முன்னோக்கிச் சுழலும் திசையில் இருக்க வேண்டும். அவசரத்தில் இது மாறிவிடுவது உண்டு. வண்டியை எடுக்கும் முன் நாலையும் நீங்களே பாருங்கள். நைட்ரஜன் நிரப்ப வற்புறுத்தினால், அது இல்லாவிட்டால் கெடுதலோ என்று கவலைப்படத் தேவையில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காற்றழுத்தம் ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளபடி, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது. கோடையில் சூடேறி 3, 4 பிஎஸ்ஐ ஏறியிருப்பதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள். ஆறிய பிறகு குறைவாகிவிடும். காற்று குறைந்த டயர் அதிகம் மடங்கிச் சூடேறுவதே கோடையில் டயர் வெடிப்பதற்கு முக்கியக் காரணம்.

உத்தரவாதம் பற்றி ஒரு சொல். தயாரிப்புக் குறை நிரூபணமானால்கூட முழுப் பணம் வராது. மிச்சமுள்ள பட்டன் அளவுக்குத்தான் கழிவு. 8 மி.மீ. டயரில் பயன்படக்கூடியது 6.4 மி.மீ.; இப்போது 4.8 மி.மீ. இருந்தால் மிச்சம் 3.2 மி.மீ., அதாவது பாதி விலை. பள்ளத்தில் விழுந்து பக்கச் சுவர் புடைத்தால் பொதுவாக உத்தரவாதம் கிடையாது. சில கம்பெனிகள் சில மாடல்களுக்கு அதையும் சேர்க்கின்றன. ஆனால் வாங்கியவுடன் பதிவு செய்திருக்க வேண்டும். பில்லில் நாலு டயரின் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். எண் இல்லாத பில்லை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனியிடமும் பேச முடியாது.

ஸ்டெப்னியையும் அன்றே இறக்கித் தேதி பாருங்கள். டிக்கியில் பட்டன் தேயாமல் கிடப்பதால் அது புதுசு என்று நினைக்கிறோம். கார் எட்டு ஆண்டு என்றால் அதற்கும் எட்டு ஆண்டு. கழற்றிய நாலில் உள்ளதிலேயே நல்லதை ஸ்டெப்னியாக வைத்து, பழைய ஸ்டெப்னியைக் கழிவுக்குப் போடுவது செலவில்லாத வழி. ஸ்டெப்னியின் ரிம்மும் அதே அளவில் இருந்தால்தான் இது நடக்கும். காற்றும் 2, 3 பிஎஸ்ஐ கூடுதலாக வைத்துவிடுங்கள், மாதக்கணக்கில் கிடக்கும்போது அவ்வளவு இறங்கும்.